ரெண்டு தடவை கழற்றி மாட்டுங்க

சேர்த்துவைப்பவர்களுக்குத்தான் உலகத்தில் மரியாதை. கல்யாணத் தரகருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். பிரிவைக் கவனித்துக்கொள்பவர்களை யாரும் வாசலில்கூட நிற்கவிட மாட்டார்கள். இந்தக் கதையின் நாயகி பதினாறு வருடங்களாகப் பிரிவுக்கென்றே சம்பளம் வாங்குபவள்.

அவள் வேலை பார்க்கும் நிறுவனம் ரத்தப் பரிசோதனைப் பெட்டி தயாரிக்கிறது. விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு விட்டால், ஆறே நிமிடத்தில் உடம்புக்குள் இருக்கும் ரகசியத்தையெல்லாம் அந்தப் பெட்டி போட்டுக்கொடுத்துவிடும். ஆனால் பெட்டி பேசுவது கம்ப்யூட்டருக்குப் புரியாது, கம்ப்யூட்டர் பேசுவது பெட்டிக்குப் புரியாது. நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரு துபாஷி வேண்டும். அந்த துபாஷி வேலையைச் செய்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதுவது இவள். "டிரைவர் எழுதுறேன்" என்று சொன்னபோது "எந்த ரூட்டு?" என்று கேட்காதவர்கள் அவளுடைய தெருவில் மூன்றே பேர். அதில் இருவருக்குக் காது கேட்காது.

இரண்டு பேரும் ஒழுங்காக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்வரை எந்த துபாஷியும் கெட்டிக்காரன்தான். பேச்சின் நடுவில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போகும்போதுதான் அவன் சாயம் வெளுக்கும். நல்ல துபாஷி "அவர் போயிட்டாரு" என்று மற்றவரிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டுத் தன் நோட்டை மூடுவான். மோசமான துபாஷி காலி நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பான். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குப் பித்துப் பிடித்துவிடும். அதாவது, கேபிளை உருவினால் சிஸ்டம் மொத்தமாக உறைந்து நின்றுவிடும். அப்படி உறையாமல் பார்த்துக்கொள்வதுதான் இவள் பிழைப்பு.

அதற்கு ஒரே வழி, உருவிப் பார்ப்பது. இடது உள்ளங்கையை மேசையில் ஊன்றி, வலது கையின் இரண்டு விரல்களால் கேபிள் தலையைப் பிடித்து, ஒரே வெட்டு. பல் வைத்தியர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் 'பிடுங்கி' என்று பெயர் வந்தது. முதல் வாரம் கோபப்பட்டாள். இரண்டாவது வாரம் பழகிவிட்டது. மூன்றாவது வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் மரியாதையாக "மேடம்" என்று கூப்பிட்டபோது யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை, மேலாளர் கையில் ஒரு கடிதத்தோடு கூட்டம் போட்டார்.

மேலாளருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: அடிக்குறிப்பு. பெட்டியோடு கொடுக்கும் கையேட்டின் நாற்பத்தொரு பக்கங்களில் பத்தொன்பது பக்கம் இவர் சேர்த்த பொடி எழுத்து. பெட்டி சூடானால், 'பெட்டி சூடாகலாம்' என்று ஓர் அடிக்குறிப்பு. பெட்டி சத்தம் போட்டால், 'சத்தம் இயல்பே' என்று இன்னொன்று. வீடு பற்றி எரிந்தாலும் தீயணைப்பு வண்டிக்குச் சொல்வதற்கு முன்னால் 'வெளிச்சம் அதிகமாக இருக்கலாம்' என்று எழுதி வாசலில் ஒட்டிவிடுவார் என்பது அலுவலகத்தின் ஒருமித்த கருத்து.

கடிதம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தது. அங்கே இவர்களுடைய பெட்டிகள் இருபத்தாறு. நான்கு மாதத்தில் முப்பத்தோரு தடவை, பெட்டியோடு இணைத்த கம்ப்யூட்டர் உறைந்துபோயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதுவரை சேமிக்காத ரிசல்ட் எல்லாம் காணாமல் போகிறது. காணாமல் போனால் நோயாளியைத் திரும்பக் கூப்பிட்டுத் திரும்பக் குத்த வேண்டும். போன வாரம் நான்கு வயதுக் குழந்தையை மூன்றாவது தடவை குத்தினார்களாம். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் எங்கள் கண்முன்னால் சரிசெய்து காட்டுங்கள், இல்லையென்றால் இருபத்தாறையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம் என்று தலைமை மருத்துவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்கு மேலே, பரிந்துரைத்தவர் என்ற இடத்தில், லேப் பொறுப்பாளரின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் பிடுங்கிக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய கல்யாணப் பதிவுப் புத்தகத்திலேயே சாட்சியாக இருக்கிறது. லேப் பொறுப்பாளர் அவளுடைய நாத்தனார்.

"யார் எழுதின டிரைவர் இது?" என்று கேட்டார் அடிக்குறிப்பு, தெரியாதவர் போல.

"நான்தான் சார். ஒன்பது வருஷமாச்சு."

"கம்பெனி ரெண்டு முடிவு எடுத்திருக்கு. ஒண்ணு, கேபிளைப் பெட்டியோட பசை போட்டு ஒட்டிடலாம். கழற்ற முடியாதுன்னா கழற்றுற பிரச்சனையே இல்லை பாருங்க."

"ஆஸ்பத்திரி ஒத்துக்குமா சார்? பெட்டியை மாடி மாடியா தூக்கிட்டுப் போறாங்க."

"அதுக்கு ஒரு அடிக்குறிப்பு போட்டுக்கலாம். ரெண்டாவது, வெள்ளிக்கிழமை இது தேறலைன்னா டிரைவர் வேலையை வெளி கம்பெனிக்குக் கொடுத்துடறோம். உங்களை நான் விடமாட்டேன், பயப்படாதீங்க. கையேட்டுப் பிரிவுக்கு எடுத்துக்கறேன். எச்சரிக்கை வாசகம் எழுத ஆள் வேணும்."

கையேட்டுப் பிரிவு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. பழைய கையேடுகள் கூரைவரை அடுக்கியிருக்கும். ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கைநீட்டினால் தொடலாம். ஓய்வு பெற இன்னும் பதினைந்து வருடம். பதினைந்து வருடம் 'தண்ணீரில் போடாதீர்கள்', 'காதில் நுழைக்காதீர்கள்' என்று எழுதிக்கொண்டு அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் வேறு பூசை. நாத்தனார் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். சாயங்காலம் அண்ணனைப் பார்க்க வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே ஆரம்பித்தாள்.

"அண்ணி, உங்க பொட்டி இன்னிக்கும் மூச்சை விட்டுடுச்சு. துக்கம் விசாரிக்க வந்தேன்."

"கையெழுத்துப் போட்டுக் கடுதாசி அனுப்பிட்டு விசாரிக்க வேற வர்றியா?"

"பின்ன? குடும்பம் வேற, வேலை வேற. நோயாளிங்ககிட்டே திட்டு வாங்கறது நான்தானே? உங்களையா திட்டறாங்க?"

"நீ என்ன பண்ணும்போது ஹேங் ஆகுது? அதைச் சொல்லு."

"ஒண்ணும் பண்ணலை. சும்மா இருக்கும், தானா செத்துடும். எங்க அண்ணன் மாதிரி. சும்மா டிவி பார்த்துட்டே இருக்கும்போது தூங்கிடறாரே, அந்த மாதிரி."

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அண்ணன், அதாவது பிடுங்கியின் கணவர், இந்த வாக்கியத்தின்போது தூங்கிக்கொண்டிருந்ததால் மறுப்பு எதுவும் பதிவாகவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்கச் சோதனை. இங்கே ஈயக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் பலகைகளில் ஈயம் பற்றவைப்பவர், ஐம்பத்தெட்டு வயது, சொந்தத் தம்பியைவிடப் பற்றவைப்புக் கோலை அதிகம் நம்புகிறவர். ஆளுக்குப் பதிலாகக் கேபிளைக் கழற்றி மாட்டும் ஓர் இயந்திரத்தை அவரே செய்துவைத்திருந்தார். உண்மையில் அது எதையும் கழற்றாது. உள்ளே ஒரு சின்ன ரிலே 'டக்' என்று இணைப்பை வெட்டும், 'டக்' என்று சேர்க்கும். அதற்கு டக்குமாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவை பிரித்துச் சேர்க்கும் மாமா. எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருந்தால் குடும்பம் தாங்காது.

சாயங்காலம் ஈயக்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "பத்தாயிரம்மா. ஒண்ணுகூட சாகலை. நம்ம டிரைவர்ல தப்பே இல்லை. தப்பு அந்த ஆஸ்பத்திரி கரண்ட்ல."

"போன தடவை எலின்னு சொன்னீங்க."

"எலியும் இருக்கும். கரண்ட் இருந்தா எலி இருக்கக் கூடாதா?"

பிடுங்கி மேசைப் பக்கம் திரும்பினாள். அவள் முன்னால் ஆஸ்பத்திரி அனுப்பிய முப்பத்தோரு புகார்ப் படிவங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏழாவது கேள்வி: 'பழுதுக்கு முன் கேபிளைத் தொட்டீர்களா?' முப்பத்தோரு படிவத்திலும் 'இல்லை' என்பதில் டிக். வெவ்வேறு பேனா, வெவ்வேறு கை, ஒரே பதில்.

ஒரு மேசை. அதன் மேல் ஒரு பெட்டி. நாளைக்கு இருநூறு பேர் வந்துபோகும் இடம். அங்கே நான்கு மாதமாக ஒருவர்கூடக் கேபிளைத் தொடவில்லை என்றால் அது ஆஸ்பத்திரி இல்லை, அருங்காட்சியகம். மறுநாள் காலை அவள் அலுவலகத்துக்குப் போகாமல் நேராக லேபுக்குப் போனாள்.

லேபில் ஒரு நீள மேசை. ஒரு ஓரத்தில் ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம், கல்லைத் தின்ற எருமை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. நடுவில் பெட்டியும் கம்ப்யூட்டரும். எதிரே கம்பி ஜன்னல், அதற்கு வெளியே வரிசை. நாத்தனார் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, துக்க வீட்டுக்கே வந்துட்டீங்க?"

"உன் கண்ணுக்குப் படாம ஓரமா உட்கார்ந்துக்கறேன். நீ உன் வேலையைப் பாரு."

"என் கண்ணுக்குப் படாம நீங்க உட்காரணும்னா பக்கத்து ஊர்லதான் உட்காரணும்." என்றாலும் ஸ்டூல் ஒன்றைக் காலால் தள்ளிவிட்டாள்.

வரிசையில் முதல் ஆள், முழங்கைவரை சுண்ணாம்பு படிந்த ஒரு கொத்தனார். "நேத்துதானே குத்தினீங்க? மறுபடியும் வரச் சொன்னீங்களாமே?"

"மன்னிச்சுக்குங்க. ரிசல்ட் வரலை. இன்னொரு தடவை குத்தணும்."

"அரை நாள் கூலி போச்சும்மா."

நாத்தனார் நிமிரவில்லை. அவர் விரலைத் துடைத்தாள், குத்தினாள், பஞ்சு வைத்தாள். அவர் நகர்ந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பொட்டி சாகற ஒவ்வொரு தடவையும் நாலு பேர்கிட்டே இதைச் சொல்றேன் அண்ணி. சில பேர் திட்டுவாங்க. அவங்க பரவாயில்லை. திட்டாம விரலை நீட்டறவங்கதான்..." மீதியைச் சொல்லாமல் அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

அடுத்த சாம்பிளைப் பெட்டியில் வைத்தாள். வைத்துவிட்டு, கண் வரிசையில் இருக்க, வாய் பேசிக்கொண்டிருக்க, அவளுடைய இடது கை மட்டும் தன்பாட்டுக்குப் பெட்டியின் பின்பக்கம் போய், கேபிளை உருவி, சொருகி, உருவி, சொருகிவிட்டுத் திரும்பி வந்தது. எல்லாம் ஒரு தும்மல் நேரத்தில்.

பிடுங்கி ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தாள். "இப்ப என்ன பண்ணினே?"

"எப்ப?"

"இப்ப. அந்தக் கை."

"எந்தக் கை?"

"கேபிளைக் கழற்றினியே!"

"நானா? தொடவே இல்லையே."

பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிடுங்கி அடுத்த ஐந்து சாம்பிளையும் போனில் படம் பிடித்து, நாத்தனாரிடம் காட்டினாள். நாத்தனார் படத்தைப் பார்த்தாள், தன் இடது கையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். தன் வீட்டுச் சாவியோடு பக்கத்து வீட்டுப் பிள்ளை திரிவதைக் கண்டவள் மாதிரி இருந்தது அவள் பார்வை.

"இது எப்போலேர்ந்து?"

"இருங்க, யோசிக்கறேன். நாலு மாசம் முன்னாடி ஒரு நாள் பொட்டி ரிசல்ட் அனுப்பாம முரண்டு பிடிச்சது. உங்க ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். 'ரெண்டு தடவை கழற்றி மாட்டுங்க, சரியாயிடும்'னாங்க. சரியாச்சு. அப்புறம் ஒவ்வொரு தடவையும் முரண்டு பிடிக்கிற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்னு..."

"முன்கூட்டியே பண்ண ஆரம்பிச்சுட்டே."

"எல்லாரும்தான். மூணு ஷிஃப்ட்டும். புதுசா வர்றவங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கறோம். சாம்பிளை வை, ரெண்டு ஆட்டு ஆட்டு, பட்டனை அமுக்கு."

"அப்புறம் ஏன் படிவத்துல எல்லாரும் 'இல்லை'ன்னு போட்டீங்க?"

நாத்தனார் இழுப்பறையைத் திறந்து கையேட்டை எடுத்தாள். ஒரு பக்கத்தின் காது மடித்திருந்தது. "பதினாலாவது அடிக்குறிப்பு. படிங்க. 'இயக்கத்தின்போது கேபிளைக் கழற்றுவதால் ஏற்படும் பழுதுக்கு நிறுவனம் பொறுப்பல்ல.' 'ஆமா'ன்னு டிக் பண்ணினா ரிப்பேர் செலவு எங்க தலையில. நான் என்ன பைத்தியமா?"

பிடுங்கிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஸ்டூலைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. நிறுவனத்தின் ஒரு வாய் கழற்று என்கிறது. இன்னொரு வாய், கழற்றினால் நான் பொறுப்பில்லை என்கிறது. நடுவில் அகப்பட்ட மனிதர்கள் கழற்றிவிட்டுத் தொடவில்லை என்கிறார்கள். நான்கு மாதமாக நோயைப் பரப்பிக்கொண்டிருந்தது அலுவலகமே எழுதிக்கொடுத்த மருந்து.

இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. இது கொஞ்சம் வலித்தது. பதினாறு வருடமாக அவள் பிடுங்கியதெல்லாம் ஒரே வெட்டாக, சுத்தமாக, தொழில்காரியின் கையால். டக்குமாமாவும் அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். ஒரு தடவை வெட்டிவிட்டு இரண்டு விநாடி மரியாதையாக நிற்பார். உலகத்தில் யாரும் அப்படிப் பிடுங்குவதில்லை. அவசரத்தில், பேச்சுக்கு நடுவில், இரண்டு ஆட்டு ஆட்டுகிறார்கள். அவளுடைய கை சுத்தமாக இருந்ததுதான் குற்றம்.

வியாழன் காலை படத்தை மெதுவாக ஓடவிட்டு நாத்தனாரின் கையை அளந்தாள். முதல் தடவை சொருகியதற்கும் இரண்டாவது தடவை உருவியதற்கும் இடையில் ஒரு விநாடியில் பத்தில் மூன்று பங்கு. டக்குமாமாவை அப்படியே ஆட்டச் சொன்னாள். ஈயக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ரிலே மூச்சுவிட வேணாமா? ரெண்டு விநாடின்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன்."

"எங்க நாத்தனார் மூச்சுவிடறதில்லைங்களே."

"அவங்க ரிலே இல்லைம்மா."

"அதான் பிரச்சனை."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக்கொடுத்தார். டக்டக், டக்டக், டக்டக். இருபத்து மூன்றாவது ஆட்டலில் திரையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் நின்றது. மவுஸை நகர்த்தினால் அம்பு நகரவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சலனமில்லை. கம்ப்யூட்டர் கட்டை மாதிரி கிடந்தது.

பிடுங்கி எழுந்து நின்று கைதட்டினாள். ஈயக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "செத்துடுச்சு! செத்துடுச்சு!" என்று கத்தினார். சத்தம் கேட்டு அடிக்குறிப்பு ஓடிவந்தார்.

"சரியாயிடுச்சா?"

"இல்லை சார், செத்துடுச்சு!"

"அப்ப எதுக்கு சிரிக்கறீங்க?"

இதை வெளியாளுக்கு விளக்குவது சிரமம். வைத்தியர் முன்னால் போனதும் இருமல் நின்றுபோகிறவர்களுக்குப் புரியும். கண்ணுக்கு முன்னால் சாகாத வரைக்கும் எந்த நோய்க்கும் மருந்து தேட முடியாது. சாவை நேரில் பார்த்துவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி.

மீதிப் பாதி, அவள் ஒன்பது வருடம் முன்னால் எழுதியதில் இருந்தது. அதை ஒரு வாடகை வீடாக நினைத்துக்கொள்ளலாம். கேபிளைச் சொருகினால் வீடு எழும்பும். உருவினால் வீட்டை இடித்துவிட வேண்டும். ஆனால் உள்ளே யாராவது இருந்தால் இடிக்கக் கூடாது. குளித்துக்கொண்டிருப்பவர் தலையில் கூரை விழும். அதற்காக அவள் வாசலில் ஒரு காவலாளியை உட்காரவைத்து, கையில் ஒரு பதிவேடு கொடுத்திருந்தாள். யார் உள்ளே போகிறார்கள், யார் வெளியே வருகிறார்கள் என்று எழுதுவான். இடிக்க வருகிறவன் பதிவேட்டைப் பார்ப்பான். உள்ளே யாருமில்லை என்றிருந்தால்தான் கடப்பாரையை எடுப்பான். ஏற்பாடு என்னவோ கச்சிதம்.

ஆனால் அவளுடைய காவலாளி முதலில் ஆளை உள்ளே விட்டான், பிறகு பேனாவைத் தேடினான். விடுவதற்கும் எழுதுவதற்கும் நடுவில் ஒரு நூலிழை இடைவெளி. ஒன்பது வருடம் அந்த இழைக்குள் யாரும் விழவில்லை. நாத்தனார் முதல் தடவை சொருகியதும் புது வீடு எழும்புகிறது, கம்ப்யூட்டர் ஆவலாக உள்ளே ஓடுகிறது. காவலாளி பேனாவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் இரண்டாவது தடவை உருவிவிடுகிறாள். இடிப்பவன் வருகிறான், பதிவேடு காலி, கடப்பாரை இறங்குகிறது. இல்லாத வீட்டுக்குள் குளித்துக்கொண்டு நிற்கிறது கம்ப்யூட்டர். பித்துப் பிடிக்காமல் என்ன செய்யும்?

"முதல்ல எழுது, அப்புறம் உள்ளே விடு. இவ்வளவுதான்," என்றாள் ஈயக்காரரிடம். "இதுகூடத் தெரியாத காவலாளியை நான்தான் வேலைக்கு வச்சிருக்கேன்."

இவ்வளவுதான் என்று சொன்னதும் காரியம் கெட்டது. முதல் திருத்தத்தில் காவலாளி கதவுச் சாவியையும் பதிவேட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். இடிப்பவன் சாவிக்காகக் காத்திருந்தான், உள்ளே இருப்பவர் இடிப்பவன் பதிலுக்காகக் காத்திருந்தார், காவலாளி உள்ளே இருப்பவருக்காகக் காத்திருந்தான். யாரும் அசையவில்லை. வீடு அரசாங்க அலுவலகமாகிவிட்டது. கம்ப்யூட்டர் இந்த முறை வேறு மாதிரி செத்தது. ஈயக்காரர்கூடக் கைதட்டவில்லை.

சாப்பிடாமல் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு காவலாளியிடமிருந்து சாவியைப் பிடுங்கினாள். பெயருக்கேற்ற வேலைதான். எழுதும் நேரத்துக்கு மட்டும் சாவி, எழுதி முடித்ததும் ஆணியில் மாட்டிவிட வேண்டும். கடைசியாக வெளியே வருகிறவர் யாரோ, அவரே வீட்டை இடித்துவிட்டுப் போகட்டும். தனியாக ஒருவன் கடப்பாரையோடு சுற்ற வேண்டாம். கூட்டிக் கழித்து ஏழு வரி. எழுத இருபது நிமிடம். மூன்று மணிக்கு டக்குமாமா ஆட்ட ஆரம்பித்தார். அலுவலகம் முடியும் நேரம்வரை ஆறாயிரம் ஆட்டல். கடிகாரம் நிற்கவில்லை. ஈயக்காரர் ரிலேயின் தலையைத் தடவிக்கொடுத்து, "மூச்சே விடலைம்மா, பாவம்," என்றார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு லேபில் கூட்டம். தலைமை மருத்துவர், மூக்கு நுனியில் கண்ணாடி, யாரையும் நம்பாத முகம். அடிக்குறிப்பு தன் சட்டைப் பையிலிருந்து பசைக் குழாயை எடுத்துப் பிடுங்கியின் காதில், "ஒரு சொட்டு விட்டுடலாமா? பாதுகாப்புக்கு?" என்றார்.

"சார், அதை உங்க பாக்கெட்லயே ஒட்டிக்குங்க."

சோதனைக்காகவே விற்கும் செயற்கைத் திரவத்தை அடிக்குறிப்பு மேசையில் வைத்தார். தலைமை மருத்துவர் அதை ஒரு விரலால் ஓரத்துக்குத் தள்ளினார். "நிஜ ரத்தம் வேணும். என் நோயாளி யாரையும் இன்னொரு தடவை குத்த விடமாட்டேன். உங்க ஆள்ல யார் குத்திக்கறீங்க?"

ஈயக்காரர் கூரையைப் பார்த்தார். அடிக்குறிப்பு தரையைப் பார்த்தார். பிடுங்கி விரலை நீட்டினாள்.

நாத்தனார் ஊசியை எடுக்கும்போதே கண்ணில் ஒரு வெளிச்சம். "எங்க அண்ணனைக் கட்டின நாளா இதுக்குத்தான் காத்திருந்தேன்."

"குத்தறதை வாயால குத்தாம கையால குத்து."

குத்தினாள். சொட்டு பெட்டிக்குள் போனது. திரையில் கோடு நகர ஆரம்பித்தது. பாதியில் நாத்தனார் கேபிளை உருவி, சொருகி, உருவி, சொருகினாள். அடிக்குறிப்பு கண்ணை மூடிக்கொண்டார். திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது: 'பெட்டி விலகியது. முடிவு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.' அடுத்த நொடி: 'பெட்டி திரும்பியது.' கோடு விட்ட இடத்திலிருந்து நகர்ந்தது.

"நகருங்க," என்றார் மருத்துவர். தானே உருவினார். தானே சொருகினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் வேகமாக. கம்பி ஜன்னலுக்கு வெளியே வரிசை கலைந்து முகங்களாகக் குவிந்துவிட்டது.

"டாக்டர், சும்மா தடவிக் கொடுத்தா எப்படி? நல்லா ஆட்டுங்க!" என்றது ஒரு குரல்.

"பாதி வெளியில, பாதி உள்ள வச்சுப் பாருங்க, அதுலதான் எங்க வீட்டு மிக்ஸி போகும்," என்றது இன்னொன்று.

மருத்துவர் பாதியிலும் வைத்தார். சாய்த்துப் பிடித்தார். நாத்தனார் கம்ப்யூட்டர் முனையிலும் அவர் பெட்டி முனையிலுமாகக் கேபிளை ஒரே நேரத்தில் ஆட்டினார்கள். நாற்பது தடவைக்கு மேல் யாரும் எண்ணவில்லை. பெட்டி விலகியது, திரும்பியது. விலகியது, திரும்பியது. கடிகாரம் ஒரு விநாடிகூடத் தப்பாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது நிமிடம் பெட்டி 'கிணிங்' என்றது. எண்கள் வரிசையாகத் திரையில் இறங்கின.

வெளியே யாரோ கைதட்ட, மொத்த வரிசையும் தட்டியது. ஈயக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பித் தனக்குத்தான் என்று தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார்.

மருத்துவர் திரையைக் குனிந்து படித்தார். "ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி எட்டு." பிடுங்கியின் முகத்தை முதல் முறையாகப் பார்த்தார். "டிரைவர் நல்லா இருக்கும்மா. நீங்கதான் நல்லா இல்லை. இரும்புச் சத்து மாத்திரை எழுதித் தரேன்." அப்புறம் அடிக்குறிப்பிடம்: "இருபத்தாறும் இருக்கட்டும். இன்னொரு மாடிக்குப் பத்து அனுப்புங்க. கையேட்டுல அந்தப் பதினாலாவது வரியை எடுத்துட்டு அனுப்புங்க."

"சார், அதை எடுத்தா பதினஞ்சு பதினாலாயிடும், எல்லா நம்பரும் மாறும்..."

"மாறட்டும்."

அடிக்குறிப்பு பிடுங்கியிடம் திரும்பினார். ஏதோ பெரிதாகச் சொல்ல வந்து, "திங்கக்கிழமை வழக்கம்போல உங்க சீட்டுக்கே வந்துடுங்க," என்று மட்டும் சொன்னார். அந்த மனிதருக்கு அது ஒரு மலர்வளையம் மாதிரி. யாருடைய சவத்துக்கு என்பதுதான் தெரியவில்லை.

நாத்தனார் ஜன்னலோரம் போய் வெளியே நின்றவர்களிடம், "எங்க அண்ணி எழுதினது. எங்க குடும்பம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கு மாதப் புகாரில் தன் பங்கு எவ்வளவு என்பதை அவள் சொல்லவில்லை. பிடுங்கியும் கேட்கவில்லை.

விரலில் பஞ்சோடு படியிறங்கும்போது போன் அடித்தது. கணவர்.

"என்ன ஆச்சு? ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேங்க. ரத்தம் கம்மியாம். வரும்போது கீரை வாங்கிட்டு வாங்க."

"ஜெயிச்சதுக்கா, ரத்தத்துக்கா?"

"ரெண்டுக்கும் ஒவ்வொரு கட்டு வாங்கிடுங்க," என்றாள்.